மறு: மறு: ஈப்பெட்டி – சொல் தேவை

நண்பர்களுக்கு வணக்கம். தூண்டில் முள்ளில் நூலும் இறகும் கட்டிச் செய்யும் செயற்கை இரையை ஆங்கிலத்தில் fly (ஈ) என்பார்கள். அவற்றை வீட்டில் எடுத்து வைப்பது பற்றிய நம் கட்டுரைக்கு, அந்த இரைக்கும் அதை வைக்கும் பெட்டிக்கும் (fly box) தமிழ்ச் சொல் தேடிக்கொண்டிருக்கிறோம். வந்த மடல்களுக்கு என் பதில் இது.

> செயற்கை ஈ, ஈப்பெட்டி என்று போட்டுவிட்டுப் போகலாமே. இதற்கு எதற்கு இத்தனை மடல்?

போட்டுப் பார்த்தேன் ஐயா. மூன்றாவது பத்தியிலேயே வண்டி நின்றுவிட்டது. நான் எழுதிய வரி இது: "ஈர ஈக்களை நெருக்கமாக அடுக்கலாம், உலர் ஈக்களை அமுக்கக் கூடாது." படிப்பவர் என்ன நினைப்பார்? நனைந்ததை அப்படியே உள்ளே திணிக்கலாம், காய்ந்ததைத்தான் பார்த்து வைக்க வேண்டும் என்றுதானே? சொல்ல வந்தது அதுவே அல்ல. நீருக்குள் அமிழும்படி கட்டியது ஒரு வகை, நீரின் மேல் நிற்கும்படி கட்டியது இன்னொரு வகை. மீன்பிடித்து முடித்ததும் இரண்டுமே ஈரமாகத்தான் இருக்கும், இரண்டையுமே காயவைத்தாக வேண்டும். ஆங்கில வகைப்பெயரைச் (wet fly, dry fly) சொல்லுக்குச் சொல் கொண்டுவந்ததால் வந்த வினை இது. வேறு கட்டுரையில் சமாளித்துவிடலாம். வீட்டில் எடுத்து வைப்பதைப் பற்றிய கட்டுரையில் ஈரமும் உலர்வும்தானே பேச்சே!

அதனால் ஈர, உலர் இரண்டையும் விட்டுவிட்டு மேல்நீர், உள்நீர் என்று சொல்லலாம் என்பது என் முதல் கோரிக்கை. எங்கே மிதக்கிறது என்பது பெயரிலேயே வந்துவிடும். 'மிதவை' என்று ஒருவர் எழுதியிருந்தார். தூண்டில் தக்கையையும் சிலர் அப்படிச் சொல்வதால் வேண்டாம்.

இனி 'ஈ'. ஒற்றை எழுத்துச் சொல்லோடு மல்லுக்கட்டுவது ஒருபுறம் இருக்கட்டும். 'ஈப்பெட்டி' என்றதும் ஈ மொய்க்கும் பெட்டிதான் கண்முன் வருகிறது. பொருளும் பொருந்தவில்லை. இவற்றில் பல ஈயைப் போலச் செய்தவை அல்ல. நீரடியில் வாழும் பூச்சிக்குஞ்சு, சிறு மீன், சில நேரம் எதையுமே போல இல்லாத பளபளப்பு. எல்லாவற்றுக்கும் பொது ஒன்றுதான்: முள்ளின் தண்டில் நூல் சுற்றி, இறகையோ மயிரையோ கட்டியிருப்பார்கள். ஏறத்தாழ கி.பி. 200-ல் ரோமானிய எழுத்தாளர் ஏலியன், மாசிடோனிய மீனவர்களைப் பற்றி எழுதியதிலும் இதே வேலைதான்: முள்ளில் சிவப்புக் கம்பளியைச் சுற்றி, சேவலின் தாடிக்குக் கீழே முளைக்கும் இறகு இரண்டைச் சேர்த்துக் கட்டினார்கள். பூக்கட்டுவது போல இதுவும் கட்டுவதுதான். எனவே கட்டிரை. மண்புழு வெறும் இரை, அச்சில் வார்த்த பிளாஸ்டிக் மீன் பொய்யிரை, கட்டியது கட்டிரை. 'இறகிரை' எனக்கும் பிடித்திருந்தது. ஆனால் இறகே இல்லாமல் மான்மயிரிலும் நுரைப்பஞ்சிலும் கட்டியவற்றை என்ன செய்வது?

> முள்ளுக்கு வள்ளுவரின் 'தூண்டிற்பொன்'னை மீட்டெடுக்கலாமே.

அழகான சொல்தான். அங்கே பொன் என்பது உலோகத்துக்குப் பொதுப்பெயர். ஆனால் நம் கட்டுரையில் பாதி துருவைப் பற்றியது. பொன் என்று பெயர் வைத்துவிட்டுத் துருப்பிடிக்கும் என்று எழுத எனக்குக் கை வரவில்லை. முள் என்றே இருக்கட்டும். தூண்டில் நரம்பைக் கோக்கும் துளைக்கு ஊசிக்காது போல 'முள்காது' என்று எழுதியிருக்கிறேன், யாரும் மறுக்கவில்லை.

உண்மையான சிக்கல் பெட்டியில்தான்.

> அறை அறையாகப் பிரித்தது என்றால் அஞ்சறைப்பெட்டி இருக்கிறதே?

எல்லாம் அறை உள்ளவை அல்ல அம்மா. மேல்நீர்க் கட்டிரைக்கு ஆழமான அறை வேண்டும். சேவலின் கழுத்திறகு முள்ளைச் சுற்றி விசிறி போல் நிற்பதால்தான் அது மிதக்கிறது, விசிறி மடங்கினால் கவிழ்ந்துவிடும். உள்நீர்க் கட்டிரையை நுரைப்பஞ்சில் கீறிய வெட்டில் வரிசையாகச் செருகினால் போதும். அதற்கும் முன்பு பெட்டியே கிடையாது, தோல் உறை போட்ட ஏடுதான். அந்தக் காலத்து முள்ளில் காது இல்லை. பட்டுப்புழுவிலிருந்து எடுத்த நரம்பைத் தண்டோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். வால் போல நீண்ட நரம்பை வளையாமல் வைக்க ஏட்டின் தாள்கள் தேவைப்பட்டன. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் காதுள்ள முள் பரவியதும் வால் போனது, ஏட்டின் தேவையும் குறைந்தது. ஆக, வைக்கும் கலத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். வடிவத்தை வைத்துப் பெயரிட்டால் நாளைக்கே பழசாகிவிடும். வேலையை வைத்துப் பெயரிடுவோம்.

வேலை என்று பார்த்தால் ஒன்றல்ல, மூன்று. எனக்கு இது புரிந்தது ஒரு இழப்பில். ஒருநாள் ஆற்றிலிருந்து வந்த அலுப்பில், நனைந்த நாலைந்தைக் கையோடு கொண்டுபோன பெட்டியிலேயே செருகி, அந்தப் பெட்டியை அப்படியே வீட்டுக் கையிருப்போடு வைத்துவிட்டேன். மூடி காற்றுப் புகாதது. அதுதான் நல்லது என்று வாங்கியது. இரண்டு வாரம் கழித்துத் திறந்தால், நுரைப்பஞ்சின் வெட்டெல்லாம் பழுப்புக் கோடு. வெள்ளை இறகின் அடியில் தேநீர்க்கறை போல ஒரு வளையம். ஒன்றை விரலால் இழுத்தேன். முள்ளின் வளைவு பஞ்சிலேயே நின்றுவிட்டது, கட்டு மட்டும் கையோடு வந்தது. நனையாத பக்கத்து வரிசைக்கும் அதே கதி. எல்லாவற்றையும் 'பெட்டி' என்று ஒரே சொல்லால் நினைத்ததன் பலன்.

கூட எடுத்துப்போவதற்குத் தூணி. அம்பறாத்தூணி என்ற சொல்லைப் பிரித்துப் பாருங்கள்: அம்பு அறாத, அதாவது தீராத தூணி. கட்டிரைத் தூணி என்றாலே போதும், அதற்குள் அடிக்கடி தீர்வதும் நிரப்புவதும் அடங்கிவிடுகிறது. வீட்டில் இருப்பதற்கு வைப்பு. வைப்பிலிருந்து தூணிக்குப் போகலாம். தூணியிலிருந்து நேரே வைப்புக்கு வரக்கூடாது. நடுவே ஒரு இடம் வேண்டும். நனைந்ததைக் குத்தி ஓரிரவு காற்றாட விடும் பஞ்சுத் துண்டோ கார்க்கோ, அதற்குச் சொல் இதுவரை யாருமே கேட்கவில்லை! உலர்த்தட்டு என்கிறேன். இந்த மூன்றாவது சொல் இல்லாததால்தான் அந்த வேலையையே மறந்துவிடுகிறோம் என்பது என் கட்சி.

உலர்த்தட்டில் இன்னொரு வேலையும் நடக்கும். மடங்கிய கழுத்திறகைக் கொதிக்கும் கெண்டியின் மூக்கருகே இடுக்கியில் பிடித்தால், ஆவி பட்டதும் சில நொடியில் நிமிர்ந்துகொள்ளும். நிமிர்ந்ததும் மறுபடி ஈரம்தான், மறுபடி உலர்த்தட்டுதான்.

வைப்புக்கு எதிரி ஈரம் மட்டுமல்ல, அந்தும்தான். அந்துருண்டையிலும் அந்துப்பூச்சியிலும் ஒட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சொல்லைத் தனியே எடுத்துப் புழங்கலாம். இறகையும் கம்பளியையும் தின்னும் புழு. பெட்டியின் மூலையில் மணல் போல் எச்சம், நடுவில் வெறும் காம்பு மட்டும் நிற்கும். அதற்காக அந்துருண்டையைப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் போடாதீர்கள், சில வகைப் பிளாஸ்டிக்கை அது இளக்கி ஒட்டவைத்துவிடும். புதிதாக வந்த இறகை உறையில் இறுக மூடிச் சில நாள் உறைபெட்டியில் (freezer) வைத்து, வெளியே எடுத்து, திரும்பவும் வைப்பது நல்ல வழி.

சீட்டு ஒட்டும்போது ஒரு எச்சரிக்கை. முள் அளவில் எண் ஏற ஏற முள் சிறுக்கும்; 16-ஐ விட 12 பெரியது. 1-க்கு அப்புறம் 1/0, 2/0 என்று போனால் எண்ணோடு முள்ளும் பெருக்கும். ஆகையால் 'பெரிய எண்' என்ற தொடரே கட்டுரையில் வேண்டாம். நுண்முள், பருமுள் என்று எழுதி எண்ணைப் பக்கத்தில் போடலாம். "மேல்நீர், 16, கழுத்திறகு பழுப்பு, 6" என்று ஒரு சீட்டு. கடைசி 6 என்பது கையிருப்பு. ஒன்று தூணிக்குப் போனால் அடித்து 5 ஆக்க வேண்டும்.

---

காலையில் வந்த மறுப்புக்கு:

> தூணி என்றால் வில்லாளி நினைவு வரும். முகத்தல் அளவைப் பெயரும்கூட. கட்டிரையோ, 'கட்டுரை' என்று தட்டச்சுப் பிழை போலத் தெரிகிறது.

முதல் இரண்டும் எனக்குத் தடையாகப் படவில்லை. தானியம் அளக்கிற இடத்தில் யாரும் கட்டிரையைத் தேடமாட்டார்கள். மூன்றாவதில் நீங்கள் சொல்வது நியாயம். என் கைப்பேசி எழுத்துத் திருத்தி நேற்றைய வரைவில் நாலு இடத்தில் 'கட்டுரைத் தூணி' ஆக்கியிருந்தது. அதற்காகச் சொல்லைக் கைவிட எனக்கு மனமில்லை. 'முள்கட்டு' என்ற மாற்றைச் சொற்பட்டியலில் பக்கத்தில் வைக்கிறேன். தூணி, உலர்த்தட்டு, வைப்பு மூன்றையும் வெள்ளிக்கிழமை ஏற்றிவிடுகிறேன். முள்கட்டா கட்டிரையா என்பதற்கு மட்டும் கைதூக்குங்கள்.