வன்தட்டில் டிஎம்ஏயை இயக்கியபின் திரையில் கோடுகள்: தரவுக்கு ஆபத்து உண்டா?

கேள்வி – வடமராட்சி வாசகர்

அனைவருக்கும் வணக்கம். எங்கள் ஊர் வாசிகசாலையில், அந்தியேட்டிக்கு (இறந்தவருக்கான 31ஆம் நாள் சடங்கு) வெளியிடப்பட்ட பழைய கல்வெட்டுகளை (நினைவு நூல்களை) ஸ்கான் செய்து சேமித்து வருகிறோம். அதற்குப் பயன்படுவது இன்டெல் 810 சிப்செட் கொண்ட பழைய கணினி. அதில் தனியான கிராபிக்ஸ் அட்டை இல்லை, லினக்ஸின் 2.4 கேர்னல் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஓடுகிறது. ஒரு பக்கம் திறபடவே நெடுநேரம் எடுத்ததால், வன்தட்டின் அமைப்பை மாற்றும் எச்டிபார்ம் கட்டளையைக் கொண்டு அதன் டிஎம்ஏயை (புரொசெசர் சுமக்காமல் தரவு நேரே நினைவகத்துக்குப் போகும் முறை) இயக்கினேன். வாசிப்பு வேகம் நொடிக்கு 3 மெகாபைட் அளவிலிருந்து 20 மெகாபைட்டுக்கு மேல் ஏறியது. ஆனால் அதன்பின், பெரிய கோப்பு திறபடும்போதெல்லாம் திரையில் கிடைக்கோடுகள் மின்னுகின்றன. பாமினி எழுத்துருவில் தட்டச்சிட்ட வரிகள் பட்டை பட்டையாக வலப்பக்கம் விலகி, வன்தட்டு விளக்கு அணைந்ததும் பழைய இடத்துக்கே வந்துவிடுகின்றன. இந்தக் கல்வெட்டுகளில் உள்ள வம்சாவளி விபரங்கள் பலவற்றுக்கு வேறு பிரதி கிடையாது. ஆகவே கோடுகளைவிட, சேமித்தவை கெட்டுப்போகுமோ என்பதே என் கவலை.

மறுமொழி – சுன்னாகத்திலிருந்து

முதலில் வன்தட்டைத் தாய்ப்பலகையுடன் இணைக்கும் நாடா வயரைப் பாருங்கள். டிஎம்ஏயின் வேகமான வகையான அல்ட்ரா டிஎம்ஏயில், 33க்கு மேற்பட்ட வேகத்துக்கு 80 கம்பி வயர் தேவை. அதன் நீல முனை தாய்ப்பலகையில் செருகப்பட வேண்டும், நீளம் 46 சென்ரிமீற்றரைத் தாண்டக் கூடாது. இரண்டு வகை வயர்களுக்கும் 40 துளைகளே இருப்பதால், துளைகளை எண்ணி வேறுபாட்டை அறிய முடியாது.

மறுமொழி – நல்லூரிலிருந்து

மேலே நண்பர் சொன்ன சோதனை அவசியமானதே. ஆயினும் வயர் பழுதானால் அல்ட்ரா டிஎம்ஏ அதைச் சிஆர்சி சரிபார்ப்பில் (தரவுடன் வரும் சோதனை எண்ணை ஒப்பிடுவது) கண்டுபிடித்து, மீண்டும் அனுப்பச் செய்யும். கேர்னலின் பதிவிலும் அந்தப் பிழை எழுதப்படும். திரையில் எழுத்து விலகுவது அதன் அறிகுறி அன்று.

கோடுகள் தெரியும் வேளையிலேயே ஒரு ஸ்கிரீன்ஷொட் எடுத்து, வன்தட்டு ஓய்ந்தபின் திறந்து பாருங்கள். படத்திலும் சிதைவு இருந்தால், நினைவகத்தில் உள்ளதே மாறியிருக்கிறது என்று பொருள்; அவ்வாறாயின் உடனே டிஎம்ஏயை நிறுத்திவிட்டு, மெம்டெஸ்ட்86 கொண்டு நினைவகத்தைச் சோதியுங்கள், அதுவரை எதையும் புதிதாகச் சேமிக்க வேண்டாம். படம் சுத்தமாக இருந்தால், நினைவகத்தில் உள்ளது சரி. அது மொனிட்டருக்குப் போகும் வழியில்தான் தடங்கல்.

810இல் திரைக்கான படமும் பொது நினைவகத்திலேயே இருக்கிறது. திரைப் புள்ளிகள் 1024க்கு 768, 24 பிட் நிறம், புதுப்பிப்பு வீதம் 85 ஹேர்ட்ஸ் என்று வைத்திருந்தால், திரையை வரைவதற்கு மட்டும் நொடிக்கு ஏறத்தாழ 200 மெகாபைட் வாசிக்கப்படுகிறது. இத்தகைய கணினியின் பிசி100 வகை நினைவகத்தின் உச்ச வேகம் நொடிக்கு 800 மெகாபைட் என்பதால் இடம் தாராளமாக இருப்பதாகத் தோன்றும். ஆனால் நடைமுறையில் அந்த உச்சம் கிட்டுவதில்லை, டிஎம்ஏ தரவும் சீராக வராமல் கொத்துக் கொத்தாக வருகிறது. ஒரே கிணற்றிலிருந்து இரண்டு தோட்டத்துக்கு ஒரே நேரத்தில் இறைப்பது போன்றது இது. மொனிட்டர் காத்திருக்காது, உரிய கணத்தில் புள்ளிகள் வந்து சேராவிட்டால் அந்த வரி பிழையாகவே வரையப்படும். முன்பு பிஐஓ முறையில் புரொசெசரே ஒவ்வொரு துண்டாகத் தரவை எடுத்து வைத்ததால், இந்த நெருக்கடி எழவில்லை.

எனவே நிறத்தை 16 பிட்டாகவும் புதுப்பிப்பு வீதத்தை 60 ஹேர்ட்ஸாகவும் குறையுங்கள். தேவை 95 மெகாபைட்டுக்குக் கீழே இறங்கிவிடும். அதன் பின்னும் கோடு தெரிந்தால், வன்தட்டின் வேகத்தையும் மட்டுப்படுத்த எச்டிபார்மின் எக்ஸ் தெரிவில் 66 என்று கொடுங்கள். 64உடன் முறையின் எண்ணைக் கூட்டுவது அதன் வழக்கம் என்பதால், அது அல்ட்ரா டிஎம்ஏ முறை 2 ஆகும்.

மறுமொழி – வடமராட்சி வாசகர்

மிக்க நன்றி ஐயா. ஸ்கிரீன்ஷொட் முற்றிலும் சுத்தமாக இருக்கிறது. கேர்னல் பதிவில் சிஆர்சி பிழை எதுவும் இல்லை. 16 பிட், 60 ஹேர்ட்ஸ் வைத்ததும் கோடுகள் மறைந்துவிட்டன. ஆனால் பழைய குழாய் மொனிட்டர் என்பதால் திரை துடிக்கிறது. தட்டச்சிடும் பிள்ளைகளுக்குக் கண் வலிக்கிறது.

மறுமொழி – நல்லூரிலிருந்து

அப்படியானால் 16 பிட்டிலேயே 75 ஹேர்ட்ஸ் வையுங்கள். 118 மெகாபைட் அளவில்தான் வரும். கல்வெட்டுகள் பெரும்பாலும் கறுப்பு வெள்ளை அச்சு என்பதால், திரையில் நிறம் குறைவது வேலைக்கு இடையூறாகாது. ஸ்கான் செய்த கோப்பின் நிறமும் இதனால் மாறாது.

தரவைப் பற்றிய ஐயத்தையும் தீர்த்துக்கொள்ளுங்கள். நினைவகத்தைவிடப் பெரிய கோப்பு ஒன்றுக்கு டிஎம்ஏ இயங்கும்போது பலமுறை எம்டி5சம் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படும் சோதனை எண்) எடுத்து, பின்னர் அதை நிறுத்திவிட்டு எடுத்த விடையுடன் ஒப்பிடுங்கள். சிறிய கோப்பாயின், இரண்டாம் முறை வன்தட்டைத் தொடாமல் நினைவகத்திலிருந்தே விடை வந்துவிடும். விடைகள் ஒன்றாக இருந்தாலும், வேறு பிரதி இல்லாத கல்வெட்டுகளை முதலில் சீடியில் எழுதி வாசிகசாலைக்கு வெளியே ஒருவரிடம் கொடுத்து வையுங்கள். எச்டிபார்ம் அமைப்பு மறுதொடக்கத்தில் அழிந்துவிடும் என்பதால், அந்தக் கட்டளையை, கணினி தொடங்கும்போது தானே ஓடும் ஆர்சி லோக்கல் கோப்பில் சேர்ப்பது அதற்குப் பின்னரே நடக்கட்டும்.