பழைய ஹைலக்ஸ் எல்என்106: நாலு வீல் டிரைவ் செத்துப்போச்சுன்னு சொல்றாங்க, உண்மையா? விலை எப்படிப் போடுறது?

செம்மண்தடம்

வணக்கம். அப்பா வச்சிருந்த 1993 டொயோட்டா ஹைலக்ஸ் டபுள் கேப் (மாடல் குறி எல்என்106) இப்ப எனக்கும் தம்பிக்கும் வந்திருக்கு. 2.8 டீசல், டர்போ இல்லை, எஞ்சின்ல 3எல்னு பொறிச்சிருக்கு. தம்பி வித்துடலாம்ங்கிறான். எனக்கு மனசில்லை. எவ்வளவுக்குப் போகும்னே தெரியாததால பேச்சு அங்கேயே நிக்குது.

பழைய வண்டி வாங்கி விக்கிற ஒருத்தர் வந்து பார்த்தார். சின்ன லீவரை ஹெச்4-ல (நாலு சக்கரமும் இழுக்கிற நிலை) போட்டு மண்மேட்டுல ஏத்தினார். பின்சக்கரம் மண்ணை வாரி இறைச்சுது, முன்சக்கரம் அசையலை. "டிரான்ஸ்ஃபர் கேஸ் (முன், பின் சக்கரத்துக்குச் சக்தியைப் பிரிச்சு அனுப்புற பெட்டி) காலி. இனிமே இது டூ வீல் டிரைவ் விலைதான்"னு சொல்லிட்டார். ஆனா லீவர் சத்தமில்லாம உக்காருது, டாஷ்போர்டுல ஃபோர் வீல் லைட்டும் எரியுது. அதான் சந்தேகம்.

இன்னும் ரெண்டு தொந்தரவு. பாரம் ஏத்திட்டு பிரேக் அடிச்சா மூக்கு குனிஞ்சு முன் டயர் கிறீச்சிடுது, பின்பக்கம் பிடிக்கிற மாதிரியே இல்லை. பின் பிரேக் ஷூ புதுசு. அப்புறம் டி-பெல்ட் (டைமிங் பெல்ட்) லைட் எரிஞ்சுக்கிட்டே இருக்கு.

பட்டறைவாசி

முன்சக்கரத்து நடுவுல கையால திருகுற மாதிரி ஒரு வட்டம் இருக்கா? அதுல ஃப்ரீ, லாக்னு ரெண்டு எழுத்து இருக்கும். முள் எதைக் காட்டுது?

செம்மண்தடம்

சேறு அப்பிக் கிடந்துச்சு, துடைச்சுப் பார்த்தேன். ரெண்டு பக்கமும் ஃப்ரீ.

பட்டறைவாசி

அப்ப டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல பழி போட இன்னும் நேரம் வரலை, தம்பி.

இது முழுநேர ஃபோர் வீல் வண்டி இல்லை. சாதாரணமா பின்சக்கரம்தான் தள்ளும். முன்சக்கரம் சும்மா உருளும்போது உள்ள இருக்கிற ஆக்ஸிலும் டிஃப்பும் (இடது, வலது சக்கரத்துக்குச் சக்தியைப் பிரிக்கிற டிஃபரன்ஷியல்) முன் புரொப்பல்லர் ஷாஃப்டும் வீணாச் சுத்தக்கூடாதுன்னுதான் அந்த வட்டம், அதாவது ஹப். ஃப்ரீயில சக்கரத்துக்கும் ஆக்ஸிலுக்கும் சம்பந்தமே கிடையாது. நீங்க ஹெச்4 போட்டா ஷாஃப்ட் சுத்தும், ஆக்ஸில் சுத்தும், சக்கரம் வேடிக்கை பார்க்கும். இறங்கி ரெண்டு ஹப்பையும் லாக்குக்குத் திருப்பணும். ஒண்ணு மட்டும் லாக் ஆனாலும் பலன் இல்லை, ஓப்பன் டிஃப்ங்கிறதால சக்தி எல்லாம் ஃப்ரீயா இருக்கிற பக்கம் ஓடிடும்.

ஓட்டாமலே சோதிக்கலாம். சமதரை, எஞ்சின் ஆஃப், பின்சக்கரத்துக்குக் கட்டை. ஹப் ரெண்டும் லாக். சின்ன லீவர் எல்4 (நாலு சக்கரமும் இழுக்கிற மெதுவேக நிலை), பெரிய லீவர் முதல் கியர். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கில தூக்கி, ஸ்டாண்ட் வச்சுட்டு கையால சுத்துங்க. கொஞ்சம் ஆட்டம் இருக்கும், அதுக்கு மேல சுத்தக்கூடாது. தாராளமாச் சுத்தினா அந்தப் பக்க ஹப்போ உள்ள ஏதோ ஒண்ணோ பிடிக்கலை. மறு பக்கமும் இதே மாதிரி. ஜாக்கில நிக்கும்போது தயவுசெஞ்சு எஞ்சினைப் போட்டுடாதீங்க.

பழையசாவி

பிரேக் விஷயம்: பின்னால கூடுதலா ஸ்பிரிங் பட்டை போட்டிருக்கா?

செம்மண்தடம்

ஆமா அக்கா, அப்பா பாரத்துக்காக ரெண்டு பட்டை ஏத்தினார். அதுக்கும் பிரேக்குக்கும் என்ன சம்பந்தம்?

பழையசாவி

இருக்கு. வண்டிக்குக் கீழ படுத்துப் பாருங்க. பின் ஆக்ஸில் ஹவுசிங்ல இருந்து ஒரு கம்பி மேல போய், சேசிஸ்ல இருக்கிற ஒரு வால்வுல முடியும். பாரம் ஏறினா பெட்டி அமுங்கும், சேசிஸ் ஆக்ஸிலை நெருங்கும், கம்பி வால்வைத் தள்ளும், பின் பிரேக்குக்கு அழுத்தம் கூடும். காலியா இருந்தா குறைக்கும், இல்லாட்டி லேசான பின்பக்கம் லாக் ஆகி வழுக்கிடும். அந்தக் காலத்து வண்டிக்கு ரொம்பப் புத்திசாலித்தனமான ஏற்பாடு.

உங்க அப்பா பட்டை ஏத்தினதும் பெட்டி உயரமாயிடுச்சு. எவ்வளவு பாரம் ஏத்தினாலும் முன்ன மாதிரி அமுங்காது. வால்வு பாவம், வண்டி காலின்னு நினைச்சுக்கிட்டே இருக்கு. ஷூவை எத்தனை தடவை மாத்தினாலும் இதே கதைதான். கூடுதல் பட்டையைக் கழட்டுங்க, இல்லைன்னா பிரேக் தெரிஞ்ச ஆளை வச்சு கம்பியோட இடத்தைச் சரிபண்ணுங்க. வால்வே துருப்பிடிச்சு இறுகியிருக்கவும் வாய்ப்பு உண்டு, அதையும் அசைச்சுப் பார்க்கச் சொல்லுங்க.

மிதி கல்லு மாதிரி இருக்கான்னும் சொல்லுங்க. இந்த டீசல் எஞ்சின்ல, மிதியை லேசாக்குற பிரேக் பூஸ்டருக்கு வேக்கும் (உறிஞ்சு விசை) தர்ற பம்ப், ஆல்டர்னேட்டர் முதுகுல ஒட்டிக்கிட்டு இருக்கும். ஆல்டர்னேட்டர் பக்கம் ஆயில் வழிஞ்சா அதையும் பார்க்கணும்.

செம்மண்தடம்

மிதி நல்லாத்தான் இருக்கு.

ஹப் கதை கேளுங்க. வலது பக்கம் டக்குனு லாக்குக்கு வந்துடுச்சு. இடது பக்கம் அசையவே இல்லை. பிளையர் வச்சுத் திருகப் போனேன், தம்பி கையைப் பிடிச்சுட்டான். மூடியோட ஆறு போல்ட்டையும் கழட்டினா உள்ள கிரீஸ் காய்ஞ்சு பழைய மெழுகு மாதிரி கட்டியா இருக்கு. டீசல்ல ஊறவச்சு, பிரஷ் போட்டு, லேசா புது கிரீஸ் தடவி மாட்டினேன். இப்ப ரெண்டு விரல்ல திரும்புது. நீங்க சொன்ன ஜாக்கி சோதனையில ரெண்டு சக்கரமும் கெட்டியா நின்னுச்சு. சாயங்காலம் அதே மண்மேட்டுல ஹெச்4-ல ஏத்தினேன். முன்சக்கரம் ரெண்டும் இழுத்துச்சு!

பட்டறைவாசி

ரொம்ப நல்லது. தார் ரோட்டுல ஹெச்4 போட்டு ஓட்டாதீங்க. நடுவுல டிஃப் கிடையாது, திரும்பும்போது முன்னும் பின்னும் ஒண்ணை ஒண்ணு முறுக்கிக்கும். மாசம் ஒருதடவை மண்ணுல ஹப்பை லாக் பண்ணி கொஞ்ச தூரம் ஓட்டுங்க, கிரீஸ் மறுபடி காயாது.

அப்படியே ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு, முன்சக்கரத்துக்குப் பின்னால இருக்கிற உருண்டையைப் பாருங்க. கிரீஸ் ஈரம் மெல்லிசாப் படிஞ்சிருந்தா சரி. கஞ்சி மாதிரி ஒழுகினா உள் சீல் போய் டிஃப் ஆயில் கிரீஸோட கலந்துடுச்சுன்னு அர்த்தம். பெரிய சாமான் இல்லை, ஆனா பிரிச்சு மாட்டுற வேலை அதிகம். வாங்க வர்றவன் விவரமானவனா இருந்தா முதல்ல அங்கதான் குனிவான்.

ஓரஞ்சாரம்

விலை பத்தி யாருமே பேசலையே. என் பங்குக்கு.

எல்என்106-ல 'எல்'ங்கிறது எஞ்சின் குடும்பத்தைக் குறிக்கும், 'என்'ங்கிறது ஹைலக்ஸைக் குறிக்கும். 1988-ல இருந்து 1997 வரைக்கும் வந்த அஞ்சாம் தலைமுறை. இதுலயே பெட்ரோல் உண்டு, டூ வீல் உண்டு, முன்பக்கம் டார்ஷன் பார் (ஸ்பிரிங்குக்குப் பதிலா முறுக்குக் கம்பி) வச்சதும் உண்டு. உங்களுடையது முன்னும் பின்னும் முழு ஆக்ஸில், நாலு மூலையிலயும் பட்டை ஸ்பிரிங். கரடுமுரடான பாதைக்குப் போறவங்க தேடுறது இதைத்தான். அதனால விளம்பரத்துல "பழைய ஹைலக்ஸ்"னு பொதுவாத் தேடி வர்ற விலையைப் பார்க்காதீங்க. இதே குறி, இதே எஞ்சின், இதே கேப் எதுக்கு வித்துச்சுன்னு பாருங்க. கேட்ட விலை வேற, கைமாறின விலை வேற.

2779 சிசி, ஏறத்தாழ 90 குதிரை. மேட்டுல லாரிக்குப் பின்னால போய்த்தான் ஆகணும். வேகம் வேணும்னு வர்றவன்கிட்ட இதைத் தலையில கட்டாதீங்க, நாலு நாள்ல திரும்பக் கொண்டாந்து நிறுத்துவான். ஏர்பேக் இல்லைங்கிறதும் குழந்தைங்க இருக்கிற வீட்டுல யோசிக்க வேண்டிய விஷயம். தம்பி விக்கலாம்னு சொல்றதுல நியாயமே இல்லைன்னு நான் சொல்ல மாட்டேன்.

எனக்கு எஞ்சினை விட சேசிஸ்தான் முக்கியம். எஞ்சினைக் கட்டிடலாம், அழுகின சேசிஸை என்ன பண்றது? பின் ஆக்ஸிலுக்கு மேல வளையுற இடம், ஸ்பிரிங் ஹேங்கர் வெல்டிங் ரெண்டையும் சின்ன சுத்தியலால தட்டிக்கிட்டே போங்க. கணீர்னு கேட்டா நிம்மதி. மொத்துனு கேட்டாலோ செதில் உதிர்ந்தாலோ விலை அங்கேயே பாதியாகும். விக்கிறதுக்கு முன்னால அடியில கருப்பு பெயின்ட் மட்டும் அடிச்சுடாதீங்க. அப்படிப் பளபளன்னு ஒரு சேசிஸைப் பார்த்தா நான் வந்த வழியே போயிடுவேன். மேல் பாடி சொட்டை, கீறல் எல்லாம் அப்படியே இருக்கட்டும்.

சேசிஸ் நம்பரும் எஞ்சின் நம்பரும் பேப்பரோட ஒத்துப்போகுதான்னு முதல்ல பாருங்க. அது ஒத்துவரலைன்னா மத்ததெல்லாம் வெட்டிப் பேச்சு.

செம்மண்தடம்

நம்பர் ரெண்டும் சரியா இருக்கு. சுத்தியல் எடுத்துக்கிட்டுப் போனேன். இடது பின் ஹேங்கர் பக்கத்துல மேலோட்டமாத் துரு, சத்தம் கணீர்தான்.

வண்டியில அப்பாவோட டைரி கிடைச்சுது. டீசல் போட்டது, ஆயில் மாத்தினது எல்லாம் அவர் கையெழுத்துல. 2,41,000-ல "டைமிங் பெல்ட், டென்ஷனர் மாத்தியது"ன்னு எழுதியிருக்கார். இப்ப மீட்டர் 3,12,000. அப்ப லைட் ஏன் எரியுது?

பட்டறைவாசி

அந்த லைட்டுக்குப் பெல்ட் தெரியாது தம்பி, கிலோமீட்டர் மட்டும்தான் தெரியும். லட்சம் ஓடினா எரியும். பெல்ட் மாத்தினவர் லைட்டை ரீசெட் பண்ணாம விட்டிருப்பார். அந்த வரிக்குத் தேதி போட்டிருக்காரா?

செம்மண்தடம்

போட்டிருக்கார். பதினோரு வருஷம் ஆச்சு.

பட்டறைவாசி

அப்ப 71,000 தானேன்னு கணக்குப் போடாதீங்க. ரப்பர் நின்ன இடத்துலயே வயசாகும். அறுந்தா வால்வு பிஸ்டன்ல இடிச்சு எஞ்சினையே பிரிக்க வேண்டி வரும். விக்கிறதா இருந்தாலும் வச்சுக்கிறதா இருந்தாலும் பெல்ட்டை மாத்திட்டு, லைட்டை ரீசெட் பண்ணிட்டு, அதுவரைக்கும் நீண்ட தூரம் போகாதீங்க.

ஓரஞ்சாரம்

அந்த டைரியைப் பத்திரமா வைங்க. எந்த வியாபாரியும் ஒரு வண்டியோட இப்படி ஒண்ணைக் கொண்டுவந்து காட்டினதை நான் பார்த்ததில்லை.

செம்மண்தடம்

எல்லாருக்கும் நன்றி. நேத்து அந்த வியாபாரி போன் பண்ணினார், முதல்ல சொன்னதைவிடக் கொஞ்சம் ஏத்தித் தர்றாராம். ஹப் பத்தி நான் இன்னும் அவர்கிட்ட வாயைத் திறக்கலை. பெல்ட் வேலை திங்கக்கிழமை. கூடுதல் பட்டை ரெண்டையும் கழட்டினதும் பிரேக் எப்படி இருக்குன்னு வந்து எழுதுறேன்.