சிங்கிள்ஸ் ஜாம்பவான்கள் டபுள்ஸ்ல ஏன் தடுமாறுறாங்க?

நள்ளிரவு_மேட்ச்:
டென்னிஸ்ல மகளிர் டபுள்ஸை இப்பதான் ஒழுங்காப் பார்க்க ஆரம்பிச்சிருக்கேன். ரெண்டு விஷயம் மண்டையைக் குடையுது. ஒண்ணு, ஸ்கோர். டபிள்யூடிஏ (மகளிர் டூர்) போட்டிகள்ல 40-40 ஆனா அட்வான்டேஜே (ரெண்டு பாயின்ட் தொடர்ந்து எடுக்கணும்ங்கிற முறை) கிடையாது, அடுத்த பாயின்ட்டோட கேம் முடிஞ்சுடுது. ஆளுக்கொரு செட் எடுத்தா மூணாவது செட்டுக்குப் பதிலா 10 பாயின்ட் டைபிரேக், அதாவது 10 பாயின்ட் வரை ஆடுற ஒரே கேம். ஆனா விம்பிள்டன்ல மூணாவது செட்டை முழுசா ஆடுறாங்க. ஏன் இந்த வித்தியாசம்?

ரெண்டாவது, சிங்கிள்ஸ்ல கொடிகட்டிப் பறக்கிற ரெண்டு பேர் சேர்ந்து இறங்கினாலும், சிங்கிள்ஸ் ஆடுறதையே விட்டுட்ட ஒரு ஜோடிகிட்ட மண்ணைக் கவ்வுறாங்க. இவங்க அடிக்கிற வேகத்துல பாதிகூட அவங்க அடிக்கல. அப்புறம் எப்படி ஜெயிக்கிறாங்க?

ஸ்கோர்ஷீட்:
முதல் கேள்விக்கு மட்டும் நான். நேரம்தான் காரணம். டூர் போட்டிகள்ல அதே கோர்ட்டுல சிங்கிள்ஸும் நடக்கணும். டபுள்ஸ் எப்ப முடியும்னு ஓரளவாவது தெரிஞ்சாதான் அட்டவணை போட முடியும். கிராண்ட்ஸ்லாம் ரெண்டு வாரம் ஓடும், கோர்ட்டும் நிறைய, அங்க அவ்வளவு நெருக்கடி இல்ல. 2022-லேருந்து நாலு கிராண்ட்ஸ்லாம்லயும் கடைசி செட் 6-6 ஆனா 10 பாயின்ட் டைபிரேக் வருதே, அது வேற கதை. ரெண்டையும் போட்டுக் குழப்பிக்காதீங்க.

ஆட்கோர்ட்_அக்கா:
ரெண்டாவது கேள்வி என்னோடது. பல வருஷமா கிளப்ல டபுள்ஸ் மட்டுமே ஆடுறவ, அதனால கொஞ்சம் ஒருதலைப்பட்சமாத்தான் பேசுவேன்.

உங்க கண்ணு பந்து பின்னாடியே போகுது, அதான் பிரச்சினை. அடுத்த மேட்ச்ல சர்வ் பண்றவரை விட்டுட்டு நெட்ல நிக்கிற பார்ட்னரைப் பாருங்க. சர்வுக்கு முன்னாடி ஒரு கையை முதுகுக்குப் பின்னாடி கொண்டுபோய் சைகை காட்டுவாங்க. பெரும்பாலும் மூடின கைன்னா இங்கயே நிப்பேன், விரிச்ச கைன்னா குறுக்க பாய்வேன். ரிட்டர்ன் அடிக்கிறவருக்கு இது தெரியாது. சிங்கிள்ஸ்ல பாயின்ட் வாங்கித் தர்ற அதே பலமான கிராஸ்கோர்ட் (மூலைவிட்டமா அடிக்கிற) ரிட்டர்ன், இங்க ஒரு அடி நடுப்பக்கம் ஒதுங்கினாப் போதும், நெட்ல இருக்கிறவர் அதை உங்க காலடியிலயே திருப்பி வச்சுடுவார். அவர் வீசி அடிக்கவே வேண்டாம், உங்க வேகத்தையே எடுத்துக்குவார்.

இத்தாலிக்காரர் சாரா எர்ரானியைப் பாருங்க. உயரம் 164 செ.மீ., சர்வ் அவ்வளவு மெதுவு, அதை வச்சு சிங்கிள்ஸ்ல எத்தனை பேர் கிண்டல் பண்ணியிருக்காங்க. 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல அதே நாட்டு பவோலினியோட சேர்ந்து தங்கம். பவோலினியும் கிட்டத்தட்ட அதே உயரம்தான். ஃபைனல்ல எதிர்ல மிரா ஆண்ட்ரீவா, டயானா ஷ்னைடர், ரெண்டு பேருமே இவங்களைவிடப் பலமா அடிக்கிறவங்க. முதல் செட் 2-6 போச்சு. அப்புறம் 6-1, கடைசி டைபிரேக் 10-7. எர்ரானியோட முதல் சர்வ் வேகமா வராது, ஆனா உள்ள விழுந்துடும். எங்க விழப்போகுதுன்னு பவோலினிக்கு முன்கூட்டியே தெரியும். டபுள்ஸ்ல அது போதும்.

இன்னொண்ணு, யார் எந்தப் பக்கம் நிக்கிறது. சானியா மிர்சா டியூஸ் கோர்ட்ல (வலது பக்கம்) நின்னு ஃபோர்ஹேண்ட், மார்ட்டினா ஹிங்கிஸ் ஆட் கோர்ட்ல (இடது பக்கம்) நின்னு பேக்ஹேண்ட். 2015-ல சேர்ந்து, தொடர்ச்சியா 41 மேட்ச் ஜெயிச்சாங்க. 2015 விம்பிள்டன் ஃபைனல்ல மகரோவா, வெஸ்னினாகிட்ட மூணாவது செட்ல 2-5 பின்தங்கி, 7-5-னு எடுத்தாங்க. நாள் முழுக்க அந்த மேட்ச் பத்திப் பேசுவேன், விடுங்க.

இடதுகை:
அக்கா, வில்லியம்ஸ் சகோதரிகளை மறந்துட்டீங்களா? 14 கிராண்ட்ஸ்லாம் ஃபைனல், 14 பட்டம். அடிச்சு நொறுக்கித்தானே ஜெயிச்சாங்க? அப்புறம், அட்வான்டேஜ் இல்லாத கேம் சுத்த லாட்டரி. நவ்ரதிலோவா, ஷ்ரைவர் ஜோடி 1983-85-ல வரிசையா 109 மேட்ச் ஜெயிச்சது முழு செட் ஆடின காலத்துலதான். இந்த முறை இருந்திருந்தா அது நடந்திருக்குமா?

ஆட்கோர்ட்_அக்கா:
109 நடந்திருக்காது, ஒத்துக்கிறேன். ஆனா லாட்டரின்னு சொல்லாதீங்க. அந்தக் கடைசி பாயின்ட்டை எந்தப் பக்கம் வாங்கறதுன்னு ரிட்டர்ன் ஜோடிதான் முடிவு பண்ணும். நெருக்கடியில யார் ரிட்டர்ன் உள்ள போகும்னு தெரிஞ்ச ஜோடிக்கு அது பெரிய வசதி.

வில்லியம்ஸ் விஷயம் சரிதான். ஆனா சின்ன வயசுலேருந்து ஒரே கோர்ட்டுல வளர்ந்த அக்கா தங்கச்சி, சைகையே வேண்டாம். அப்படிப்பட்ட சர்வோட அந்தப் புரிதலும் சேர்ந்தா யார் நிப்பாங்க? புரிதல் இல்லாத பலத்துக்கு 2025 யூஎஸ் ஓப்பன் கலப்பு இரட்டையரைப் பாருங்க. சிங்கிள்ஸ் நட்சத்திரங்களாக் கூப்பிட்டு நிரப்பினாங்க. ஜெயிச்சது நடப்புச் சாம்பியன்களா உள்ள வந்த எர்ரானி, வவசோரி. ஃபைனல்ல தோத்தவங்க ஸ்வியாடெக், ரூட்.

நள்ளிரவு_மேட்ச்:
சைகையைக் கவனிச்சேன், இத்தனை நாள் எப்படிக் கண்ணுல படலன்னு தெரியல! ஒரு சந்தேகம்: மூணாவது செட்டுக்குப் பதிலான டைபிரேக் தொடங்கினப்ப ஒரு ஜோடி ரிட்டர்ன் பக்கத்தை மாத்திக்கிட்டாங்க. அது செல்லுமா?

ஸ்கோர்ஷீட்:
செல்லும். ஒரு செட்டுக்குள்ள மாத்த முடியாது, புது செட்ல மாத்தலாம். 10 பாயின்ட் டைபிரேக் மூணாவது செட்டுக்குப் பதிலா வர்றதால அதுக்கும் அதே சலுகை. ஜோடிக்குள்ள யார் முதல்ல சர்வ் பண்றதுன்னும் மாத்திக்கலாம். ஆனா 40-40-ல பக்கம் தேர்ந்தெடுக்கும்போது பார்ட்னர்கள் இடம் மாறி நிக்கக் கூடாது, அம்பயர் விடமாட்டார்.