இல்லத்துப் பிள்ளைகளும் பொதுத்தேர்வும்: உங்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள்

கரும்பலகை:
மூன்று வருடமாக என் பீரோவில் ஒரு ரெக்கார்டு நோட்டு கிடக்கிறது. அதைச் சொல்லத்தான் இந்த இழையைத் தொடங்கினேன்.

அரசு மேல்நிலைப் பள்ளியில் தாவரவியல் எடுக்கிறேன். ஊரில் குழந்தைகள் இல்லம் இருப்பதால் வகுப்புக்கு இரண்டு மூன்று பேர் அங்கிருந்து வருவார்கள். குழந்தைகள் நலக் குழு (இவர்கள் எங்கே இருக்க வேண்டும் என்று முடிவுசெய்வது அதுதான்), அதன் உத்தரவு, நடு வருடத்தில் இடமாற்றம் எல்லாம் இங்கே பலருக்கும் பழகியதுதான். அந்த வருடம் பன்னிரண்டாம் வகுப்பில் ஒரு பையன். மகரந்தப்பையின் குறுக்குவெட்டுத் தோற்றத்தை வரைந்திருந்தான், பாகங்களைக் குறிக்கவில்லை. "திரும்ப வரை" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்தேன்.

பொங்கல் விடுமுறை முடிந்த வாரம், மூன்றாவது பீரியடு நடுவில் வாசலில் வந்து நின்றான். சீருடை இல்லை. "வரைந்துவிட்டேன் மிஸ், கையெழுத்து வேண்டும்" என்றான். நான் பாதி வாக்கியத்தில் இருந்தேன். "மேசையில் வை, நாளைக்குப் பார்க்கிறேன்." வைத்துவிட்டுப் போய்விட்டான். மணி அடித்து வராந்தாவுக்கு வந்தபோது கேட்டருகே ஒரு வெள்ளை வண்டி திரும்பிக்கொண்டிருந்தது. பின்சீட்டில் தகரப்பெட்டி.

வேறு மாவட்டத்தில் பாட்டி ஒருவர் கிடைத்துவிட்டாராம். செய்முறைத் தேர்வுக்கு மூன்றே வாரம் இருந்தது. நாமினல் ரோல், அதாவது பொதுத்தேர்வு எழுதுவோர் பட்டியல், எங்கள் பள்ளியில், பையன் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால். தேர்வன்று வருகைத்தாளில் அவன் எண்ணுக்கு நேரே "வரவில்லை" என்று எழுதியது நான்தான்.

கட்டில் எண் 14:
டீச்சர், கோபப்படாதீர்கள். ஒரு கையெழுத்தை நினைத்து மூன்று வருடம் வருந்துகிறீர்கள். அந்தப் பையன் அதை மறந்திருப்பான். நான் பதினொரு வருடம் இல்லத்தில் வளர்ந்தவன். எங்களைக் கெடுத்தது கையெழுத்து போடாதவர்கள் அல்ல, அன்பு காட்ட வந்தவர்கள்.

பத்தாம் வகுப்பு கணக்குத் தேர்வுக்கு முந்தின நாள். யாரோ ஒருவரின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள், எங்களுக்கு பிரியாணி. ஐந்து மணிக்கு வருவதாகச் சொன்னவர்கள் ஏழரைக்கு வந்தார்கள். அதுவரை உயர வாரியாக வரிசையில் நின்றோம். கணக்குக் கையேட்டைச் சட்டைக்குள் சொருகியிருந்தேன். கேக் ஊட்டும்போது வெளியே எடுக்கச் சொன்னார்கள், படத்தில் வயிறு புடைத்துத் தெரிகிறதாம். பச்சைக் கிரீம் விரலோடு புத்தகத்தைப் பிடித்தேன். தொடுகோடு வரையும் பக்கமும் அடுத்த பக்கமும் ஒட்டிக்கொண்டன. எட்டு மதிப்பெண் கேள்வி. இரவு முழுவதும் அதைப் பிரிக்கப் பார்த்தேன், கிழிந்ததுதான் மிச்சம்.

மறுநாள் வடிவொத்த முக்கோணம்தான் கேட்டிருந்தார்கள். ஆகவே அந்தக் குடும்பத்தின் மேல் எட்டு மதிப்பெண் பழி போட முடியாது. ஆனாலும் மொத்தம் 41.

வெளியூர்க்காரன்:
இல்லமாவது பரவாயில்லை. வளர்ப்புப் பராமரிப்பு என்று வீட்டுக்குக் கூட்டிப்போகிறார்களே, அதைக் கேளுங்கள். எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பதினொன்றாம் வகுப்புப் பெண். பரீட்சை மாதத்தில் காலை ஐந்தரைக்குக் குழாயடியில் அண்டா தேய்ப்பாள். அரசு கொடுக்கும் 4,000 ரூபாய் யாருக்குப் போகிறது என்று எல்லோருக்கும் தெரியும்.

முருங்கைமரம்:
வெளியூர்க்காரன் ஐயாவுக்கு: எல்லோருக்கும் தெரியும் என்கிறீர்களே, எனக்குத் தெரியவில்லை. எங்களுக்கு அந்தத் தொகை முதல் ஏழு மாதம் வரவே இல்லை. அண்டா தேய்த்த பெண்ணைப் பார்த்தீர்கள், சரி. யாரிடமாவது சொன்னீர்களா? குழந்தைகள் உதவி எண் 1098, மூன்றே நிமிட வேலை.

என் கதை சின்னது. வளர்ப்புப் பராமரிப்பில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெண் பதினைந்து வயதில் வந்தாள். என்னை "ஆன்ட்டி" என்பாள், இவரை எப்படியும் கூப்பிட மாட்டாள், எதிரே வந்து நிற்பாள். காலாண்டு மதிப்பெண் அட்டை வந்ததா என்று நான் கேட்க, கொடுத்தாயிற்று என்றாள். யார் கையெழுத்து போட்டது? "நான்தான் ஆன்ட்டி. எட்டாவதிலிருந்து நானேதான் போடுகிறேன்."

திருட்டுத்தனமே இல்லை, துணி துவைத்துவிட்டேன் என்பதைப் போலச் சொன்னாள். ரஃப் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். நான்கு விதமான கையெழுத்து. ஒன்று பழைய இல்லத்துக் காப்பாளருடையது, ஒன்று சித்தப்பாவுடையது, ஒன்று அவள் கற்பனையில் இருந்த யாரோ ஒருவருடையது. நான்காவது என்னுடையது. அரிசிக் கடைச் சீட்டில் பார்த்துப் பழகினாளாம். என் கையெழுத்தில் கடைசி எழுத்துக்குக் கீழே ஒரு கோடு வரும், அது எனக்கே அன்றுதான் தெரிந்தது.

அரையாண்டு அட்டையை என்னிடம் நீட்டினாள். போட்டேன். "உங்களுடையது கொஞ்சம் கோணல் ஆன்ட்டி" என்றாள்.

ஓய்வுபெற்றவன்:
வருவாய்த் துறையில் 31 வருடம். ஒரு ஹோம் பையன் சாதிச் சான்றிதழுக்காக நான்கு முறை வந்து திரும்பிப் போனான். ஐந்தாம் முறை வரவில்லை. அதுதான் என் உறுத்தல். இனி மற்றவர்களாவது அலையாமல் இருக்கச் சில விஷயங்கள்.

பத்து வயதுக்குள் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த இல்லத்திலோ பள்ளியிலோ சேர்க்கப்பட்ட பிள்ளைகள் தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலிலேயே இருக்கிறார்கள். பெற்றோரின் சாதி தெரியாது என்று கவுன்டரில் திருப்பி அனுப்பினால் இந்தப் பட்டியலைக் காட்டுங்கள். பன்னிரண்டாம் வகுப்பு வரை காத்திருக்க வேண்டாம், ஒன்பதாம் வகுப்பிலேயே விண்ணப்பியுங்கள். நாமினல் ரோலில் போகும் பெயர், முன்னெழுத்து, பிறந்த தேதி மூன்றும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று இப்போதே பாருங்கள். மதிப்பெண் சான்றிதழ் அச்சான பிறகு திருத்துவது பெரும்பாடு. பெண் பிள்ளை ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி என்றால் கல்லூரியில் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் உண்டு, 2022 செப்டம்பரில் தொடங்கியது. பையன்களுக்கு 2024 ஆகஸ்ட் முதல் தமிழ்ப் புதல்வன். இரண்டுக்கும் பிள்ளையின் பெயரில் வங்கிக் கணக்கு வேண்டும், காப்பாளர் பெயரில் அல்ல. பதினெட்டு முடிந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போ என்று யாராவது சொன்னால், 2015ஆம் வருடத்து இளைஞர் நீதிச் சட்டத்தின் 46ஆவது பிரிவைக் காட்டி, பின் பராமரிப்பு (இல்லத்தை விட்டு வெளியேறுவோருக்கான உதவி) வேண்டும் என்று மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் எழுதிக் கொடுங்கள். 21 வயது வரை கேட்கலாம். எழுதிக் கொடுங்கள் என்றால் எழுதித்தான் கொடுக்க வேண்டும், வாயால் சொல்லிவிட்டு வராதீர்கள், நகலில் முத்திரை வாங்குங்கள். தேர்வு நேரத்து இடமாற்றத்துக்கும் அப்படியே. தலைமையாசிரியர் நலக் குழுவுக்கு எழுதி, தேர்வு முடியும்வரை பொறுக்கும்படி கேட்கலாமே.

கட்டில் எண் 14:
ஐயா, நல்ல தகவல், யாரும் கேட்கவில்லை என்றாலும். ஆனால் அந்தப் பட்டியல் பாதிப் பேருக்கு உதவாது. என்னோடு இருந்த முப்பது பேரில் அப்பா அம்மா இருவரும் இல்லாதவர்கள் நான்கோ ஐந்தோ. மற்றவர்களுக்கு யாரோ ஒருவர் எங்கோ உயிரோடு இருந்தார். என் அப்பா இருந்தார். எங்கே என்று கேட்காதீர்கள். அவருடைய சான்றிதழ் இல்லாமல் எனக்கு இல்லை என்றார்கள், அவரோ எனக்கே இல்லை. உங்களிடம் நான்கு முறை வந்தவனும் அப்படிப்பட்டவனாக இருக்கலாம்.

ஓய்வுபெற்றவன்:
ஆமாம். அவனுக்கு அம்மா இருந்தார். வீட்டு வேலைக்கு வெளிநாடு போனவர், கடிதம் நின்றுபோயிருந்தது. அம்மாவின் பக்கத்து உறவில் யாராவது ஒருவருடைய சான்றிதழைக் கொண்டுவரச் சொன்னேன். பதினாறு வயதுப் பையனிடம்.

வெளியூர்க்காரன்:
முருங்கைமரம் அம்மா, சொல்லவில்லை. அவர்கள் வீடு மாறிவிட்டார்கள்.

கரும்பலகை:
கட்டில் எண் 14 தம்பி, அவன் மறந்திருப்பான் என்றீர்கள். இருக்கலாம். ஆனால் இன்று நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தை முதல் தடவையாகத் திறந்து பார்த்தேன். மூன்று வருடமாக அட்டையைத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறேன். வெளியுறை, எண்டோதீசியம், டபீட்டம், மகரந்தத் தூள் எல்லாம் அடிக்கோல் வைத்துக் கோடிழுத்துக் குறித்திருக்கிறான். டபீட்டம் என்பதை அழித்து இரண்டு முறை எழுதியிருக்கிறான், ரப்பர் தேய்த்த இடத்தில் தாள் நைந்திருக்கிறது. தவறு ஒன்றும் இல்லை. கையெழுத்து போட்டுவிட்டேன். எந்தத் தேதி போடுவது என்று தெரியவில்லை, அதை மட்டும் விட்டுவிட்டேன்.