மண்ணும் மழையும்தான் விவசாயியோட வாழ்க்கைய முடிவு பண்ணுதா?

மண்புழு:
நேராவே சொல்லிடறேன், வெப்பமண்டலத்துல விவசாயி எப்படி வாழணும்னு மழையும் மண்ணும்தான் முடிவு பண்ணுது. இந்தோனேசியா பக்கம் இருக்கிற ஜாவாவையும் போர்னியோவையும் எடுத்துக்கங்க, ரெண்டும் பக்கத்து பக்கத்து தீவு, ரெண்டுலயும் நல்ல மழை. ஆனா ஜாவாவுல எரிமலைச் சாம்பல் விழுந்து விழுந்து மண்ணு செழிச்சு கிடக்கு, அதனால எங்க பாத்தாலும் நெல்லு, எங்க பாத்தாலும் ஜனம். போர்னியோவுல பெரும்பாலும் மழை சத்தையெல்லாம் கரைச்சு கொண்டுபோன மண்ணு, அதனால காட்டை வெட்டி எரிச்சு ஒண்ணு ரெண்டு வெள்ளாமை எடுத்துட்டு அடுத்த இடத்துக்கு நகர்ற வாழ்க்கைதான் அங்க ரொம்ப காலமா.

தென்றல்77:
அப்போ ஹைட்டிக்கு என்ன சொல்வீங்க ப்ரோ? கரீபியன் கடல்ல ஹிஸ்பானியோலான்னு ஒரே தீவு, மேற்குல ஹைட்டி, கிழக்குல டொமினிகன் குடியரசு. ஒரே வெயில், ஒரே புயல், ஆனா ரெண்டு பக்கத்து விவசாயியும் ஒரே மாதிரியா வாழறாங்க?

மண்புழு:
வெயில் ஒண்ணு, மழை ஒண்ணு இல்ல. வடகிழக்குலேருந்து வர்ற காத்து மலைக்கு அந்தப் பக்கமே நிறைய கொட்டிடுது, ஹைட்டியில பல இடம் மழை மறைவு, அதாவது மலை தடுக்கறதால மழை குறைஞ்ச இடம். அட்லஸ எடுத்துப் பாருங்க.

தென்றல்77:
அட்லஸ்ல கடன் தெரியாதே. ஹைட்டியில அடிமையா இருந்தவங்க போராடி 1804ல பிரான்ஸ்கிட்டேருந்து சுதந்திரம் வாங்கினாங்க, 1825ல பிரான்ஸ் போர்க்கப்பல அனுப்பி நஷ்டஈடா 15 கோடி பிராங்க் கேட்டுச்சு!! அடிமை வெச்சிருந்தவனுக்கு நஷ்டஈடாம். அப்புறம் அது குறைஞ்சாலும் தலைமுறை தலைமுறையா கட்டினது காபி விளைச்ச காசுல. இதுவும் மலை செஞ்ச வேலையா?

சும்மா_ஒருத்தன்:
ரெண்டு பேரும் இந்தோனேசியாவோட பாலித் தீவ விட்டுட்டீங்க. அங்க மலைச்சரிவுல படிப்படியா வயல், மேல இருக்கிறவன் தண்ணிய அடைச்சுட்டா கீழ காஞ்சுடும். அதனால சுபக்னு ஒரு ஏற்பாடு, நீர்க்கோயில்ல கூடி எந்தப் பகுதி எப்போ நடணும்னு பேசி வெச்சுக்கறாங்க. 1970கள்ல அரசாங்கம் புது ரக நெல்ல கொடுத்து முடிஞ்சவரைக்கும் அடிக்கடி நடுங்கன்னு சொல்ல, பழைய முறை குலைஞ்சு பூச்சி பெருகி பயிர் நாசமாச்சு. எல்லாரும் ஒரே சமயத்துல வயல சும்மா போட்டாத்தான் பூச்சிக்கு தீனி இல்லாம போகும், அந்தக் கணக்கு கோயில்காரங்களுக்கு தெரிஞ்சிருக்கு.

மண்புழு:
நீங்க என் கட்சிக்குத்தான் பேசறீங்க சார். மேல இருக்கிறவன் தண்ணி விட்டுக் கொடுக்கறது நல்ல மனசுல இல்ல, கீழ வயல் வேற சமயத்துல விளைஞ்சா அங்கேருந்து பூச்சி தன் வயலுக்கும் ஏறும்ங்கற பயத்துல. சரிவே இல்லாத இடத்துல சுபக் எதுக்கு?

தென்றல்77:
சரிவு இருக்கிற எல்லா இடத்துலயும் சுபக் இருக்கா, அத சொல்லுங்க மொதல்ல.