மலேசியாவின் பேராக் மாநிலத்தில் சுங்கை சிப்புட் பக்கம் வளர்ந்தவர்களே, பிறமொழிக்காரர்களோடு பழகிய அனுபவத்தைச் சொல்லுங்கள்

பால்மரத்துப் பிள்ளை:

நானே தொடங்குகிறேன். எங்கள் ரப்பர் தோட்டம் லிந்தாங் போகிற சாலையில். தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்தபோது மலாய்த் தேர்ச்சி போதவில்லை, அதனால் நேராக இடைநிலைப்பள்ளியின் முதல் படிவம் போக முடியாமல் ஒரு வருஷம் மலாய் படிக்கப் புகுமுக வகுப்பு. தமிழ்ப்பள்ளி, சீனப்பள்ளிப் பிள்ளைகள் பலருக்குத் தெரிந்த கதைதான் இது. தொழிலாளிகளின் வரிசை வீடான லயத்தில் தமிழ், காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்களத்தில் தமிழ், கோயிலில் தமிழ் என்று வளர்ந்த பிள்ளைக்கு மலாய் எங்கிருந்து வரும்?

பக்கத்து நாற்காலியில் சீனப்பள்ளியிலிருந்து வந்தவன். வீட்டில் ஹக்கா சீனம், பள்ளியில் மாண்டரின் சீனம், மலாய் என் அளவுக்குத்தான். இருவருக்குமே சரியாக வராத மொழியில்தான் நாங்கள் பேசிக்கொள்ள வேண்டியிருந்தது.

ஒருநாள் ஆசிரியர் என்னை எழுப்பி வாசிக்கச் சொன்னார். 'ரம்புட் பேராங்' என்று வந்தது, பழுப்பு முடி. நான் 'பெராங்' என்று குறுக்கி வாசித்துவிட்டேன். மலாயில் எழுத்து இரண்டுக்கும் ஒன்றுதான், ஆனால் குறுக்கிச் சொன்னால் அர்த்தம் போர். வகுப்பே சிரித்தது, ஆசிரியரும் சேர்ந்து சிரித்தார். காது சுட்டது, உட்கார்ந்துவிட்டேன். அவன் மட்டும் சிரிக்கவில்லை. நோட்டு ஓரத்தில் ஒரு துப்பாக்கி வரைந்தான், பக்கத்தில் ஒரு தலை வரைந்து பழுப்புப் பென்சிலால் முடி தீட்டினான். துப்பாக்கியைத் தொட்டு 'பெராங்', தலையைத் தொட்டு 'பேராங்', அவ்வளவுதான் சொன்னான். எனக்கு இன்றுவரை அது மாறிப் போனதில்லை.

அப்புறம் நாங்கள் ஒன்று செய்தோம். மலாய்ப் பாடநூலில் 'கெடாய்', 'பெத்தி', 'காத்தில்', 'மீசாய்', 'காப்பால்' எல்லாம் வரும்போது இவை எங்கள் கடை, பெட்டி, கட்டில், மீசை, கப்பல் என்று நான் சொல்வேன். அவன் முதலில் நம்பவில்லை. மறுநாள் அவன் பங்குக்கு 'தாவ்ஹூ' (சோயாக்கட்டி), 'தெக்கோ' (தேநீர்க் கெண்டி), 'சாவான்' (கோப்பை) எல்லாம் சீனத்திலிருந்து வந்தவை என்று எழுதிக்கொண்டு வந்தான். நோட்டின் கடைசிப் பக்கத்தில் நடுவே கோடு போட்டு, இந்தப் பக்கம் என் சொற்கள், அந்தப் பக்கம் அவனுடையவை. மலாய் யாரோ ஒருவருடைய மொழி என்ற பயம் எனக்குப் போனது அந்தப் பக்கத்தில்தான். அந்த ஒரு வருஷத்தை வீண் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை.

லயத்துப் பேத்தி:

அண்ணா, நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் பாட்டியின் 555 புத்தகம் ஞாபகம் வந்துவிட்டது. உள்ளங்கை அளவு இருக்குமே, கடன் எழுதுகிற புத்தகம், அதுதான். பட்டணத்துச் சீனர் மளிகைக்கடையில் பாட்டிக்குக் கணக்கு உண்டு. தவுக்கே, அதாவது கடை முதலாளி, பாட்டியின் பெயரைச் சீன எழுத்தில்தான் எழுதியிருப்பார். பாட்டிக்கு எந்த எழுத்தும் தெரியாது, அதனால் அவர் ஒவ்வொரு வரியாக விரல் வைத்துத் தமிழிலேயே வாசித்துக் காட்டுவார்: "அரிசி, கருவாடு, மல்லி, நல்லெண்ண. சரியா பாட்டி?" பாட்டி தலையாட்டினால்தான் அடுத்த வரிக்குப் போவார்.

1960-இல், மலாயா இந்தியர் காங்கிரஸ் தலைவராக இருந்த துன் சம்பந்தன் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார். துண்டு துண்டாக விற்கப்பட்ட தோட்டங்களைத் தொழிலாளிகளே சேர்ந்து வாங்குவதற்காக. அதற்கு மாசம் பத்து வெள்ளி (எங்கள் ஊர்ப் பணம்) கட்ட வேண்டும். மழை விடாமல் பெய்து பால்வெட்டு இல்லாமல் போன ஒரு மாசம் அந்தப் பத்து வெள்ளியைக் கொடுத்தவர் தவுக்கேதான். அதையும் கருவாட்டுக்குக் கீழே ஒரு வரியாக எழுதினாராம். பாட்டி இதை எத்தனை முறை சொன்னாலும் அந்த இடத்தில் குரல் கம்மிவிடும்.

ரொட்டிக்கடை:

நான் இப்போது நடப்பதைச் சொல்கிறேன். என் சாப்பாட்டுக்கடைக்குச் செம்பனை (எண்ணெய்ப் பனை) தோட்டத்தில் வேலை செய்கிற ஒரு வங்காளதேசத்து ஆள் வருவார். அவருடைய மண்டோர், அதாவது வேலையை மேற்பார்க்கிறவர், தமிழர், அதனால் மலாய்க்கு முன்னால் தமிழ்தான் படிந்திருக்கிறது. "அண்ணே, ரெண்டு ரொட்டி கொசோங், தே தாரேக் சீனி கம்மி" என்று தமிழையும் மலாயையும் ஒரே மூச்சில் சொல்வார், வெறும் ரொட்டியும் சீனி குறைத்த இழுத்த தேநீரும்.

போன பிப்ரவரி 21 அன்று வேலை முடிந்து வந்தவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். என்ன என்று கேட்டேன். 1952-இல் இதே நாளில் டாக்காவில் வங்க மொழிக்காக நின்ற மாணவர்களைச் சுட்டுக் கொன்றதைத் தெரிந்த தமிழில் சொன்னார். அந்த நாளைத்தான் யுனெஸ்கோ 1999-இல் உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. தாய்மொழி நாள் என்று எனக்குத் தெரியும், உயிர் போன நாள் என்று தெரியாது. கல்லாவை விட்டு எழுந்து போய் அவர் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

"உங்க பிள்ளைங்க தமிழ்லயே படிக்கிறாங்களாண்ணே?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை மோட்டாரில் ஏற்றிக்கொண்டு போய் மகாத்மா காந்தி கலாசாலையைக் காட்டினேன், துன் சம்பந்தன் முயற்சியில் 1954-இல் வந்த பள்ளி. பெயர்ப்பலகையைப் பார்த்து எந்த எழுத்து 'காந்தி' என்று கேட்டார். விரலால் காட்டினேன். போனில் படம் எடுத்து ஊரில் இருக்கும் மகளுக்கு அங்கேயே நின்று அனுப்பினார்.