நீலக்குறிஞ்சியும் செங்காந்தளும்: காப்பு நிலை ஒப்பீட்டுக்கு உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். இவ்விரு செடிகளின் காப்பு நிலையை ஒப்பிட்டு ஒரு கட்டுரை எழுதி வருகிறேன்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் சோலைப் புல்வெளிகளில் வளர்ந்து, 12 ஆண்டுகளுக்கு ஒருமுறை பூத்து, விதை உதிர்த்ததும் மடிந்துவிடும் நீலக்குறிஞ்சியை, தேயிலைத் தோட்டங்களும் சீகை (வாட்டில்) மரங்களும் அதன் வாழிடத்தைப் பறித்துவரும் நிலையில், பன்னாட்டு இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் 2024இல் அழிவாய்ப்புள்ள இனமாக அறிவித்தது. ஆசியாவிலும் ஆப்பிரிக்காவிலும் பரந்து வளரும் செங்காந்தளோ கவலை குறைந்த இனமாகவே பட்டியலில் உள்ளது. ஆனால் கால்ச்சிசின் மருந்துக்காகத் தாராபுரம், ஒட்டன்சத்திரம் பகுதிகளில் பயிரிடப்படும் இச்செடியின் விதைக்கிழங்குகள் காடுகளிலிருந்தும் தோண்டி எடுக்கப்பட்டு வந்ததால், உலகளாவிய தரநிலை நம் மாநில மலரின் உள்ளூர் நிலையை மறைக்கிறது என்றே கருதுகிறேன்.

உங்கள் ஊர் வேலியோரங்களிலும் புதர்க்காடுகளிலும் செங்காந்தள் குறைந்துள்ளதா? பார்த்த ஆண்டையும் மாவட்டத்தையும் ஒளிப்படத்துடன் தெரிவித்தால் பேருதவியாக இருக்கும். கிழங்கு தோண்டுவோருக்கு வழிகாட்டிவிடும் என்பதால், துல்லியமான இடத்தை மட்டும் இங்கே குறிப்பிட வேண்டாம்.